அரைக் கிலோ என்பது அளவே இல்லை

சிதம்பரம் மேல வீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ ஏதாவது ஒரு ஃபேன்சி ஸ்டோரில் போய், "பத்து வயசுப் பையனுக்கு ஸ்வெட்டர் பின்னணும், எவ்வளவு நூல் ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "கால் கிலோ போதும்" என்பார்கள். கொஞ்சம் யோசித்தால், "எதுக்கும் ஒரு உருண்டை சேத்து வாங்கிடுங்க" என்பார்கள். இன்னும் தயங்கினால், "பத்தலன்னா வாங்க, நூலு எங்க போகப்போவுது?" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் கைதேர்ந்த அக்கா ஒருவர், "கணக்கெல்லாம் எதுக்கு, கை பழகிட்டா கண்ணே சொல்லிடும்" என்று முடித்து வைப்பார். நூல் கணக்கைப் பற்றி நம் பக்கத்தில் நிலவும் கருத்து இந்த நாலு வாக்கியம்தான். நாலும் தவறு. அதிலும் நாலாவது பெரிய தவறு. உழைப்புக்கு மரியாதை செய்வதுபோல் வந்து உழைப்பவரின் கையைக் கடிப்பது அதுதான்.

கடலூர் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று சிரிப்பவர்கள், ஆருத்ரா தரிசனத்தன்று விடியற்காலை சிதம்பரத்துக்கு வந்து கூட்டத்தில் எத்தனை தலையில் குரங்குக் குல்லா இருக்கிறது என்று எண்ணட்டும். மற்ற பதினொரு மாதமும் இருக்கவே இருக்கிறது குரோஷா: வாசல் தோரணம், மேஜை விரிப்பு, ஃபிரிட்ஜ் கவர், செல்போன் பை, இப்போது தோளில் மாட்டும் பை. கேள்வி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் அந்தக் கால் கிலோ. நூலை விற்பது எடையில், பின்னுவதோ நீளத்தில். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் எல்லாத் தொல்லையும் குடியிருக்கிறது. உருண்டையின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் எடைக்குப் பக்கத்திலேயே நீளமும் போட்டிருக்கும். 100 கிராம் கம்பளி உருண்டை 220 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அதே பருமனுள்ள பருத்தி நூல் 100 கிராமில் 180 மீட்டர்தான் என்றால், கால் கிலோ கம்பளி 550 மீட்டர், கால் கிலோ பருத்தி 450 மீட்டர். கடையில் கேட்டது ஒரே கால் கிலோ. வீட்டுக்கு வந்ததில் 100 மீட்டர் குறைவு. அந்த 100 மீட்டர்தான் ஸ்வெட்டரின் ஒரு கை.

எடை பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. ஒரே நூலுக்குள் எடையும் நீளமும் ஒன்றாகவே நடக்கும், நம்பி எடைபோடலாம். நூல் மாறும்போதுதான் வம்பு. "போன தடவை கால் கிலோ ஆச்சு" என்பது போன தடவை வாங்கிய நூலுக்கு மட்டுமே உண்மை.

இது மேல்நாட்டுப் பொழுதுபோக்குக்காரர்கள் கண்டுபிடித்த நுணுக்கம் என்று நினைப்பவர்கள், சிதம்பரத்திலிருந்து வடக்கே குறிஞ்சிப்பாடி வரைக்கும் போய் வரலாம். கைலிக்குப் பேர்போன ஊர். அங்கே யாரும் "அரைக் கிலோ நூல்" என்று மொட்டையாகச் சொல்லமாட்டார்கள். எத்தனையாம் நம்பர் என்பதுதான் முதல் கேள்வி. அந்த நம்பருக்குள்ளேயே நீளமும் எடையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. 840 கெஜம் ஒரு சிட்டா. ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டா அடங்குகிறதோ அதுவே பருத்தி நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 68 மீட்டர். முப்பதாம் நம்பரில் 51 மீட்டர்தான். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு, கிராமுக்கு நீளம் அதிகம்.

ஒரு கைலியைப் போட்டுப் பார்ப்போம். அகலம் 48 அங்குலம், அங்குலத்துக்கு 60 இழை. பாவு இழை 2,880. சோழமண்டலக் கரையின் பழைய கணக்கில் 120 இழை ஒரு புஞ்சம். ஆக 24 புஞ்சம். நீளம் 2 மீட்டர், இழை மடங்கி ஓடுவதற்கும் கழிவுக்கும் சேர்த்து 2.1 மீட்டர். மொத்தம் 6,048 மீட்டர். நாற்பதாம் நம்பரில் பாவுக்கு மட்டும் 89 கிராம். அதே 89 கிராம் முப்பதாம் நம்பராக வந்து சேர்ந்தால் சுமார் 4,500 மீட்டர். கைலியில் கால்வாசியைக் காணோம். நெசவாளிக்குக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நூல் நிறுத்து வருகிறது, துணி நிறுத்துப் போகிறது. நடுவில் குறைந்தால் யார் தலையில் விடியும் என்பது அவருக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாகக் கை பழகியவர் அவர். ஆனாலும் கண்ணளவில் பாவு ஓட்டுவதில்லை.

கடலோரக்காரர்களுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. பருத்தி ஈரம் குடிக்கும். வணிகக் கணக்கிலேயே, முழுக்கக் காய்ந்த பருத்தி நூல் 100 கிராமுக்கு 8.5 கிராம் ஈரத்தைச் சேர்த்துத்தான் எடை பேசுகிறார்கள். கம்பளி இன்னும் கூடுதலாகக் குடிக்கும். அக்ரிலிக் குடிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஐப்பசி அடைமழையில் முதுநகரில் நிறுத்த கால் கிலோவும் சித்திரையில் நிறுத்த கால் கிலோவும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரிய வித்தியாசம் வராது, உண்மைதான். ஆனால் கிராமைக் கடவுள் வாக்காக நம்புகிறவர்கள் அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளட்டும்.

தேவனாம்பட்டினம் பக்கம் வலைக்காரர்களும் இதே கட்சிதான். வலை விலை கிலோவில் பேசப்படுகிறது. ஆனால் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது கண் அளவு, அப்புறம் நூல் பருமன், அப்புறம் எத்தனை கண் ஆழம், எவ்வளவு நீளம். கண்ணைப் பாதியாகச் சுருக்கினால் அதே பரப்புக்குக் கண் எண்ணிக்கை நாலு மடங்கு ஆகும். ஒவ்வொரு கண்ணுக்கும் நூல் பாதி என்பதால் மொத்த நூல் இரண்டு மடங்கு. முடிச்சு மட்டும் நாலு மடங்கு. அது தின்னும் நூல் தனி. பிறகு வலையைக் கயிற்றில் கட்டும்போது சுருக்கம் விட்டுத்தான் கட்டவேண்டும். 100 மீட்டர் விரித்த வலை, பாதிக்குப் பாதி சுருக்கம் விட்டால், 50 மீட்டர் கயிற்றில் ஏறும். இவற்றில் ஒன்றையாவது வெறும் எடை சொல்லுமா? "மெல்லிய வலை, கொஞ்சம் நூல் போதும்" என்று கண் சொல்லும் இடத்தில் கணக்கு நேர் எதிராகச் சொல்கிறது. குரோஷாவிலும் அப்படியே. நெருக்கமான சிங்கிள் பின்னலும் உயரமான டபிள் பின்னலும் ஒரே பரப்புக்கு ஒரே நூல் கேட்பதில்லை. சிங்கிள்தான் அதிகம் தின்னும். "குரோஷாவுக்கு நிட்டிங்கைவிட மூணுல ஒரு பங்கு கூட ஆகும்" என்று ஒரு விதி வாய்வழியாகச் சுற்றுகிறதே, அது எந்தப் பின்னலுக்கு, எந்த ஊசிக்கு, யார் கைக்கு? மூன்றும் தெரியாத விதி சோதிடத்தோடு சேர்த்தி.

இங்கே எதிர்த்தரப்பின் ஒரே நல்ல வாதத்தைச் சொல்லியாக வேண்டும். தறியில் அச்சு இருக்கிறது; அங்குலத்துக்கு இத்தனை இழை என்று அது கட்டிப்போட்டுவிடும். வலையில் கண் அளவு நிலையானது. கைப்பின்னலில் அப்படி எதுவும் கிடையாது. ஒருத்தர் இறுக்கிப் பின்னுவார், ஒருத்தர் தளர்வாக விடுவார். கோபத்தில் பின்னிய வரிசைக்கும் சீரியல் பார்த்துக்கொண்டு பின்னிய வரிசைக்கும் வித்தியாசம் தெரியும். ஆகவே தறிக் கணக்கு இங்கே செல்லாது, அனுபவம்தான் வழி என்கிறார்கள். முதல் பாதி முழுக்கச் சரி. முடிவு மட்டும் தலைகீழ். கைக்குக் கை மாறுகிறது என்றால் அடுத்தவர் சொன்ன கால் கிலோவை நம்பக்கூடாது, புத்தகத்தில் போட்ட அளவையும் நம்பக்கூடாது என்றுதானே அர்த்தம்? புத்தகத்து அளவு அந்த மாதிரியை அமைத்தவரின் கைக்கு, அவர் ஊசிக்கு, அவர் நூலுக்கு எழுதியது. நம் கை என்ன கேட்கிறது என்று நம் கையிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

மாதிரித் துண்டு என்றதும் முகம் சுளிப்பவர்களுக்காக ஒரு பையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தோள் பை, அகலம் 35, உயரம் 40 சென்டிமீட்டர். இரண்டு முகம் சேர்த்து 2,800 சதுர சென்டிமீட்டர். பட்டை 6 அகலம், 70 நீளம், அது 420. மொத்தம் 3,220. அதே நூலில், அதே ஊசியில், அதே பின்னலில் 10க்கு 10 ஒரு துண்டு பின்னி நிறுத்தால் 5.5 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 32.2ஐ 5.5ஆல் பெருக்கினால் 177 கிராம். சேர்ப்பு, ஓரம், வால்நூல் எல்லாவற்றுக்கும் பத்து சதவீதம் போட்டால் 195. நூறு கிராம் உருண்டை இரண்டு. முடிந்தது கணக்கு. எட்டாம் வகுப்புக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. சமையலறை டிஜிட்டல் தராசு அந்த ஐந்தரைக் கிராமை ஒருநேரம் 5 என்று காட்டும், ஒருநேரம் 6 என்று காட்டும். அந்த ஒரு கிராம் தகராறு பை முழுக்க 32 கிராமாக வளர்ந்து நிற்கும். துண்டைப் பெரிதாகப் பின்னுங்கள். 20க்கு 20 என்றால் பிழை கால்வாசியாகும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் துண்டைப் பிரித்து நூலை டேப்பில் அளந்துவிடுங்கள். நீளமாகவே கிடைத்துவிடும், தராசே வேண்டாம், நூலும் வீணாகாது. பின்னி முடித்ததும் ஒரு முறை நனைத்துக் காயவைத்து அளப்பது இன்னும் உத்தமம். பருத்தி நனைந்தால் அளவு மாறும். சுருங்குகிற துணிக்குச் சுருங்காத கணக்குப் போடுவானேன்?

"கண்ணே சொல்லும்" என்பவர்களின் கண் எங்கே தவறும் என்று தெரிய வேண்டுமா? வட்டத்தில் தவறும். வட்ட மேஜை விரிப்பு, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் போகிறது. மொத்தம் 60 சென்டிமீட்டர் குறுக்களவு வேண்டும். ஒரு உருண்டை தீரும்போது அளந்தால் குறுக்களவு 30. பாதி தூரம் வந்தாயிற்று, இன்னொரு உருண்டை வாங்கினால் சரி என்று எந்த அனுபவசாலியும் நினைப்பார். கண்ணுக்குப் பாதியாகத்தான் தெரிகிறது. உண்மையில் கால்வாசிதான் ஆகியிருக்கிறது. இன்னும் மூன்று உருண்டை வேண்டும். 42 சென்டிமீட்டர் வரும்போதுதான் நூலில் பாதி தீரும். ஓரத்து 9 சென்டிமீட்டர் மிச்சப் பாதியை விழுங்கிவிடும். முனையிலிருந்து தொடங்கும் முக்கோணச் சால்வையிலும் இதே கதை. சதுர விரிப்பை "கொஞ்சம் பெரிசா" என்று நீளத்தில் பத்து சதவீதம், அகலத்தில் பத்து சதவீதம் கூட்டினால், நூல் கூடுவது 21 சதவீதம். இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்கிற கண் இன்னும் பிறக்கவில்லை. பரப்பு இருமடியில் வளர்கிறது; கண் நேர்கோட்டில்தான் பார்க்கிறது.

"பத்தலன்னா வாங்கிக்கலாம்" என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேபிளில் நிறத்துக்குப் பக்கத்தில் லாட் நம்பர் என்று ஒன்று இருக்கும். ஒரே தொட்டியில் ஒரே தடவை சாயம் ஏறிய நூலுக்கு ஒரே நம்பர். மறு லாட் அதே மெரூன்தான், ஆனால் அதே மெரூன் இல்லை. கடையின் டியூப் லைட்டில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வாசலில் வெயிலில் மாட்டினால் முழங்கைக்குக் கீழே வேறு ஸ்வெட்டர் தொடங்குவது தெரியும். "எதுக்கும் ஒரு உருண்டை" என்பது இதற்கு மாற்று மருந்துபோல் தோன்றும். பத்து சதவீதம் சேர்ப்பது கணக்கு. பயத்துக்கு ஒரு உருண்டை சேர்ப்பது கடைக்காரருக்குச் செய்யும் மொய். இரண்டு உருண்டை வேலைக்கு ஒன்று கூடுதல் என்றால் ஐம்பது சதவீதம். நம்மூர் வீட்டு பீரோக்களில் மேல்தட்டுக் கவரில் கிடக்கும் அரை உருண்டைகளைச் சேர்த்தால் எத்தனை தோரணம் ஆகும் என்று பார்க்கலாம். மிச்ச நூலில் எதையாவது பின்னுவதும், சதுரம் சதுரமாகச் சேர்த்துப் போர்வை செய்வதும் நல்லதுதான். அங்கே கணக்கு வேண்டாம், நூல் தீரும்போது போர்வையும் முடியட்டும். அதை நான் மறுக்கவில்லை.

கணக்கு போட்டுத்தான் பின்ன வேண்டும் என்றால் ரசனை போய்விடும் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். இவர்கள் ஒயர் கூடை போடுகிறவர்களைப் பார்க்க வேண்டும். ஒன்றரை ரோல் கூடை, ரெண்டு ரோல் கூடை என்று கூடைக்குப் பெயரே கணக்கில்தான் இருக்கிறது. சிவன் கண் முடிச்சா, நெல்லிக்காய் முடிச்சா என்பதைப் பொறுத்து ஒயர் தின்னும் அளவு மாறும் என்பது தெரிந்தே ரோலைப் பிரிக்கிறார்கள். முதல் முடிச்சு விழுமுன் குறுக்கு ஒயர்கள் எல்லாம் நீளம் அளந்து வெட்டி வரிசையாகக் கிடக்கும். வெட்டியது குட்டையானால் ஒட்டுப்போட வேண்டும், ஒட்டு தெரியும், தெரிந்தால் கூடை போகாது. அந்தக் கூடையில் ரசனை குறைந்துவிட்டதா என்ன? அதே வீட்டில் அதே கைகள் நூலை எடுத்ததும் கணக்கு வேண்டாம் என்பது எனக்கு விளங்காத மர்மம்.

இப்போது அந்த நாலாவது வாக்கியத்துக்கு வருகிறேன். தோராயம் யாருக்கு லாபம் என்று கடலூர் மண்ணுக்கு நன்றாகவே தெரியும். 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது சுற்றுப்புற எல்லையைச் சங்கிலி போட்டு அளக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரையிலான கிராமங்கள் தங்களுடையவை என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்தது. அப்போது சென்னைக் கோட்டையில் கவர்னர் எலிஹு யேல். அதே கம்பெனி இதே கரையில் நெசவாளிகளிடம் துணி வாங்கும்போது மட்டும் நீளம், அகலம், இழை நெருக்கம் என்று பார்த்து ரகம் பிரித்தது. குறைந்தால் விலையை வெட்டியது. தான் எடுத்துக்கொள்ளும்போது தோராயம், தான் கொடுக்கும்போது இழை இழையாகக் கணக்கு.

இன்றைக்குக் குரோஷா பை பின்னி விற்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் நூல் 120 ரூபாய் என்று வைப்போம். மேலே போட்ட பைக்கு 195 கிராம். நூல் செலவு 234 ரூபாய். மொத்தமாக வாங்குகிறவர் ஒரு பைக்கு 400 தருகிறார். பின்னியவர் கைக்கு 166. ஆனால் அவர் கண்ணளவில் "ஒன்றரை உருண்டைதான் ஆகுது" என்று நினைத்து 180 கழித்து, 220 கூலி கிடைப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறார். பைக்கு 54 ரூபாய் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. டஜன் பைக்கு 648. மாத முடிவில் நூல் கடைக் கடன் ஏன் இறங்கவில்லை என்று திகைப்பார். வாங்குகிறவரோ நூல் விலை, பையின் எடை இரண்டும் பார்த்துத்தான் 400 என்று வாயைத் திறந்திருக்கிறார்.

கோதாவரிக் கரையில் நரசாபுரத்துப் பெண்கள் குரோஷா லேஸ் பின்னுவதைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். வியாபாரி நூல் கொடுக்கிறார், பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னுகிறார்கள், லேஸ் வெளிநாடு போகிறது. அந்த உழைப்பை இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்று எல்லோரும் சொல்லிவைத்ததால் கூலி எப்படி அடிமட்டத்திலேயே நின்றது என்பதே அவருடைய வாதம். "கை பழகிட்டா கண்ணே சொல்லிடும்" என்பதும் அதே குடும்பத்து வாக்கியம். பொழுதுபோக்கு என்றால் கணக்கு வேண்டாம். கணக்கு இல்லையென்றால் கூலி கேட்க முடியாது.

மகளிர் குழுப் பயிற்சி என்றால் வழக்கமாக முதல் நாள் சங்கிலி, இரண்டாம் நாள் சிங்கிள், அப்புறம் டபிள், கடைசி நாள் சான்றிதழோடு குரூப் போட்டோ. என் கோரிக்கை சின்னது. முதல் நாளே மேஜையில் ஒரு தராசையும் டேப்பையும் வையுங்கள். ஐந்தையும் ஆறையும் குழப்பாத, நகைக்கடையில் வைத்திருப்பதுபோன்ற தராசு. ஆளுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னட்டும், அளக்கட்டும், நிறுக்கட்டும், நூலின் பெயர், ஊசி நம்பர், கிராம், மீட்டர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதித் துண்டைப் பக்கத்தில் பின் செய்து வைக்கட்டும். அடுத்த தடவை யாராவது "ஒரு பைக்கு என்ன விலை?" என்று கேட்டால் அந்த நோட்டைப் பார்த்து விலை சொல்லட்டும்.